மலை யார் பக்கம்? எத்தியோப்பிய மேட்டுநிலத்தின் கதை

இன்னைக்கு எபிசோடை ஒரு சின்ன வேலையோட ஆரம்பிக்கலாம். போன்ல மேப்பைத் திறந்து, ஆப்பிரிக்காவோட கிழக்குப் பக்கம், செங்கடலுக்குக் கீழே ஜூம் பண்ணுங்க. சாட்டிலைட் வியூ போட்டா இன்னும் நல்லது. கடற்கரை ஓரம் வெளிறிப்போன பாலைவன நிறம். அதைத் தாண்டினதும் திடீர்னு பச்சையும் பழுப்பும் கலந்த, கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி ஒரு பெரிய மேடு. அதுதான் எத்தியோப்பிய மேட்டுநிலம். 'ஆப்பிரிக்காவின் கூரை'ன்னு இதுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு.

இந்த இடத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு வாக்கியம் வரும். "ஆப்பிரிக்கா முழுவதையும் ஐரோப்பியர்கள் பங்கு போட்டுக்கொண்ட காலத்தில் எத்தியோப்பியா மட்டும் தப்பித்தது. காரணம், அதன் மலைகள்." பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள், ரீல்ஸ்ல பார்த்திருப்பீர்கள். கேட்க நல்லா இருக்கு. ஒரே வரியில முடிஞ்சிடுது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிட்டிருந்தேன்.

ஒரு சின்ன சிக்கல் இருக்கு. அதே மேப்பில் வடக்கு ஓரத்தில் அஸ்மாரா என்ற நகரத்தைப் பாருங்க. இன்றைய எரித்ரியாவின் தலைநகர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரம், அதாவது நம்ம ஊட்டியை விடக் கொஞ்சம் அதிகம். அதே மேட்டுநிலத்தின் விளிம்பு. ஆனால் இத்தாலியர்கள் 1889இல் அஸ்மாராவுக்குள் நுழைந்தார்கள், அரை நூற்றாண்டு ஆண்டார்கள். மலைதான் காப்பாற்றியது என்றால், அஸ்மாராவை ஏன் காப்பாற்றவில்லை?

இன்னைக்கு நம்ம கேள்வி இதுதான். மலை யாரைக் காப்பாற்றியது, யாரைக் கைவிட்டது? அதுக்கு முதல்ல மலை எப்படி வந்ததுன்னு தெரியணும்.

படிக்கட்டு போட்ட நெருப்பு

சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தப் பகுதிக்குக் கீழே பூமியின் ஆழத்திலிருந்து அளவுக்கு மீறிய வெப்பம் மேலே எழும்பியது. நிலம் புடைத்தது, வெடித்தது. எரிமலை என்றால் நம்ம மனசுல வர்ற படம், கூம்பு வடிவ மலை, உச்சியில் புகை. இங்கே முதலில் நடந்தது அது இல்லை. நிலத்தில் நீள நீளமான பிளவுகள் விழுந்து, அவற்றின் வழியாக லாவா வெள்ளம் போலப் பரவியது. ஒரு வெள்ளம் ஆறி உறையும். அதன் மேல் அடுத்த வெள்ளம். இப்படி அடுக்கடுக்காகச் சேர்ந்த பாறை சில இடங்களில் 2 கிலோமீட்டர் தடிமன் வரை போகிறது. இதன் பெரும்பகுதி ஏறத்தாழ 10 லட்சம் ஆண்டுகளுக்குள் கொட்டியது. பூமியின் கணக்கில் அது ஒரு மதிய நேரம்.

இந்த மாதிரி இடம் நமக்கும் ஒன்று உண்டு. மும்பையிலிருந்து புணே போகும் வழியில் மலையைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். கறுப்புப் பாறை படிப்படியாக அடுக்கி வைத்தது போல இருக்கும். தக்காணத்தின் அந்தப் பாறை சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. புவியியலாளர்கள் இரண்டு இடங்களுக்குமே 'டிராப்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். படிக்கட்டு என்று பொருள்படும் ஸ்வீடிஷ் சொல்லிலிருந்து வந்தது அது.

வெள்ளம் ஓய்ந்த பிறகு, அந்தப் பீடபூமியின் மேல் அகலமான பெரிய எரிமலைகள் எழும்பின. வடக்கே சிமியன் மலைத்தொடர் அப்படி வந்தது. எத்தியோப்பியாவின் மிக உயரமான சிகரம் ராஸ் டெஜென், 4,500 மீட்டருக்கு மேல், அங்கேதான் இருக்கிறது. நம்ம தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதன் மேல் இன்னொரு முக்கால் தொட்டபெட்டாவை ஏற்றி வச்சா எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

பிறகு அதே வெப்பத்தின் தொடர்ச்சியாக நிலமே கிழிந்தது. செங்கடல் ஒரு கிழிசல். மேட்டுநிலத்தை வடமேற்கு, தென்கிழக்கு என இரண்டாகப் பிரிக்கும் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு இன்னொரு கிழிசல். கிழிந்த ஓரம் சுவர் மாதிரி நிற்கிறது. மஸ்ஸாவா துறைமுகத்தில் கடல் மட்டத்தில் இருக்கிறீர்கள். நேர்கோட்டில் 70 கிலோமீட்டர்கூட இல்லை, அஸ்மாராவில் 2,300 மீட்டர் உயரத்தில் நிற்கிறீர்கள். இந்தச் சுவருக்குக் கீழே இருக்கும் தனக்கில் பள்ளம் கடல் மட்டத்தை விட 100 மீட்டருக்கும் மேல் தாழ்வானது. உலகத்தின் மிகக் கொதிப்பான இடங்களில் ஒன்று. கடல் வழியாக வரும் எந்தப் படையும் முதலில் அந்த வெக்கையில் வெந்து, பிறகு அந்தச் சுவரில் ஏற வேண்டும்.

மேலே ஏறிவிட்டால் முடிந்ததா என்றால், அங்கேதான் தொடங்குது. ஆண்டுதோறும் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை, அடுக்குப் பாறையை அறுத்துக்கொண்டே இருந்தது. தானா ஏரியில் புறப்படும் அபாய் ஆறு, அதாவது நீல நைல், சில இடங்களில் ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டியிருக்கிறது. இரண்டு ஊர்கள் எதிரெதிரே கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக, இறங்கி, ஆற்றைக் கடந்து, மறுபடி ஏற ஒரு முழு நாள் வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் முடியாது.

இப்படி நாலு பக்கமும் அறுபட்டு, நடுவில் தனியாக நிற்கும் தட்டையான மலைக்கு அங்கே 'அம்பா' என்று பெயர். சுற்றிலும் செங்குத்துப் பாறை. மேலே மேசை மாதிரி சமதளம். பெரிய அம்பாக்களில் புல் உண்டு, ஊற்று உண்டு, உழுவதற்கு மண் உண்டு. அரசர்கள் அதைக் கோட்டையாக்கினார்கள், துறவிகள் மடமாக்கினார்கள். அம்பா கெஷென் என்ற மலையில், அரியணைக்குப் போட்டி வரக்கூடாது என்று இளவரசர்களையே தலைமுறை தலைமுறையாக அடைத்து வைத்திருந்தார்கள்.

மலை தரும், பிரிக்கவும் செய்யும்

எரிமலைப் பாறை மக்கினால் என்ன ஆகும்? கரிசல் மண் ஆகும். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் பார்த்திருப்பீங்க. நனைந்தால் களிம்பு, காய்ந்தால் வெடிப்பு. எத்தியோப்பிய மேட்டில் அதே மாதிரி கறுப்பு மண் பரந்து கிடக்கிறது. உயரத்துக்கு ஏற்ப அங்குள்ளவர்கள் நிலத்தைப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். கீழே வெப்பமான 'கொல்லா', நடுவில் 'வொய்னா தெகா', அதற்கு மேல் குளிர்ந்த 'தெகா'. நடு அடுக்கில் தெஃப் என்ற மிகச் சின்னத் தானியம் விளையும். அதை அரைத்துப் புளிக்க வைத்துத்தான் நம்ம தோசைக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும் இன்ஜெராவைச் சுடுகிறார்கள். இன்னும் மேலே வாற்கோதுமை.

மாடு பூட்டி ஏர் உழும் விவசாயம் அங்கே மிகப் பழையது. மேட்டில் மலேரியாவும் குறைவு. அதனால் மக்கள்தொகை பள்ளத்தில் இல்லை, மேட்டில் இருந்தது. நம்ம ஊரில் மலை என்றால் ஆள் குறைவு, சமவெளி என்றால் கூட்டம். அங்கே தலைகீழ். இதை மனசுல வச்சுக்கோங்க. பிறகு தேவைப்படும்.

ஆனால் அதே பள்ளத்தாக்குகள் மக்களைப் பிரித்தும் வைத்தன. திக்ராய், கோஜ்ஜம், வொல்லோ, ஷோவா என்று ஒவ்வொரு பகுதியும் தனி மேசை போல நின்றது. ஒவ்வொரு மேசைக்கும் ஒரு தலைவர், ஒரு படை. பேரரசர் என்று ஒருவர் இருந்தாலும் அவர் சொல் எந்தப் பள்ளம் வரை செல்லும் என்பது அவர் பலத்தைப் பொறுத்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1855 வரை பேரரசர்கள் பெயருக்குத்தான் இருந்தார்கள். அந்த நிலையை முடிக்க வந்தவர் ஒருவர். அவருடைய கதைதான் நம்ம முதல் கதை.

1868: மலை இருந்தது, ஆள் இல்லை

பேரரசர் இரண்டாம் தெவோத்ரோஸ் 1855இல் முடிசூடினார். சிதறிக் கிடந்த மேசைகளை ஒன்றாக்க வேண்டும், நவீன ஆயுதம் செய்ய வேண்டும் என்று கனவு கண்டவர். 1862இல் விக்டோரியா மகாராணிக்கு நட்புக் கரம் நீட்டிக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. கோபத்தில் பிரிட்டிஷ் தூதரையும் வேறு சில ஐரோப்பியர்களையும் சிறைப்பிடித்தார். அவர்களை அடைத்து வைத்த இடம் மக்தலா. சுமார் 9,000 அடி உயரத்தில் நிற்கும் ஓர் அம்பா.

அவர்களை மீட்க பிரிட்டன் படை அனுப்பியது. அந்தப் படை லண்டனிலிருந்து வரவில்லை, பம்பாயிலிருந்து வந்தது. தலைவர் பம்பாய் ராணுவத்தின் தளபதி ராபர்ட் நேப்பியர். சுமார் 13,000 வீரர்கள், அதைப் போல இரண்டு மடங்கு வேலையாட்கள், கோவேறு கழுதைகள், ஒட்டகங்கள், கூடவே கனரக பீரங்கிகளைச் சுமக்க 44 யானைகள். பெரும்பாலானவர்கள் இந்தியர்கள். அதில் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவும் இருந்தது. பாதை வெட்டுவது, பாலம் போடுவது, வெடி வைப்பது அவர்கள் வேலை. இன்றைக்கும் அந்தப் படைப்பிரிவின் போர்ப் பெருமைப் பட்டியலில் 'அபிசீனியா' என்ற பெயர் உண்டு. தக்காணத்தின் எரிமலைப் பாறைக்குப் பக்கத்தில் கப்பலேறி, கடல் தாண்டி, இன்னொரு எரிமலைப் பாறையில் ஏறப் போனார்கள்.

கடற்கரையில் கப்பல்துறை கட்டினார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாததால் கடல்நீரைக் காய்ச்சி வடித்தார்கள். சின்ன ரயில் பாதைகூடப் போட்டார்கள். பிறகு வறண்ட ஆற்றுப் படுகை வழியாகப் பாறையைத் தகர்த்து வண்டிப் பாதை அமைத்து, செனாஃபே என்ற இடத்தில் மேட்டுக்கு ஏறினார்கள். அங்கிருந்து மக்தலா இன்னும் பல நூறு கிலோமீட்டர். மழைக்காலம் வருவதற்குள் போய்த் திரும்பியாக வேண்டும்.

இங்கே நிறுத்தி ஒரு கேள்வி. 13,000 வீரர்கள், ஆயிரக்கணக்கான மிருகங்கள், குறுகலான மலைப்பாதை. யாராவது மேலேயிருந்து கல்லை உருட்டி விட்டாலே போதும். ஏன் யாரும் உருட்டவில்லை?

ஏனென்றால் 1868க்குள் தெவோத்ரோஸிடம் நாடு இல்லை. ஒன்றுபடுத்தும் அவசரத்தில் ஊர்களை எரித்தார், தேவாலய நிலங்களில் கை வைத்தார், எதிர்த்தவர்களைக் கொடூரமாகத் தண்டித்தார். ஒவ்வொரு மேசையாக அவர் கையை விட்டுப் போனது. திக்ராய் தலைவர் கஸ்ஸா, நேப்பியரைச் சந்தித்து வழிவிட்டார். நேப்பியரும் தாங்கள் சண்டை போடுவது தெவோத்ரோஸுடன் மட்டும், முடிந்ததும் திரும்பிவிடுவோம் என்று அறிவித்தார். தானியத்துக்கும் தீவனத்துக்கும் வெள்ளி நாணயத்தில் காசு கொடுத்தார். அங்கே செல்லுபடியான நாணயம் ஆஸ்திரியாவின் மரியா தெரசா டாலர் மட்டும்தான். அதை இதற்கென்றே வியன்னாவில் அச்சடித்து வாங்கி வந்திருந்தார்கள். மேட்டுநில விவசாயி விளைவித்த வாற்கோதுமை, அவனுடைய பேரரசரைப் பிடிக்க வந்த படைக்குத் தீனியானது.

இன்னொரு விஷயம் கேட்டா மனசு கஷ்டப்படும். தெவோத்ரோஸ் ஐரோப்பியக் கைவினைஞர்களை வைத்து 'செபாஸ்டோபோல்' என்று ஒரு ராட்சத பீரங்கி வார்த்திருந்தார். எடை சுமார் 7 டன். அதை மக்தலாவுக்கு இழுத்துப் போக, ஜிதா, பெஷிலோ என்ற இரண்டு ஆழமான பள்ளத்தாக்குகளின் குறுக்கே மாதக்கணக்கில் பாறை உடைத்துச் சாலை போட்டார். அவரே இறங்கிக் கல் சுமந்தாராம். அந்தச் சாலையில்தான் கொஞ்ச நாளில் நேப்பியரின் படை இறங்கி ஏறியது.

1868 ஏப்ரல் 10. பிரிட்டிஷ் படை மக்தலாவின் அடிவாரத்தில் அரோகே சமவெளிக்கு வந்தது. தெவோத்ரோஸின் வீரர்கள் மலையை விட்டு இறங்கி, திறந்த வெளியில் பாய்ந்தார்கள். எதிரில் புத்தம் புது ஸ்னைடர் துப்பாக்கிகள். சுமார் 700 எத்தியோப்பியர்கள் இறந்தார்கள். பிரிட்டிஷ் தரப்பில் காயத்தால் இறந்தவர்கள் 2 பேர். மூன்று நாள் கழித்து மக்தலாவின் வாசலை உடைத்தபோது, உள்ளே போரிட விரல்விட்டு எண்ணும் ஆட்களே மிச்சம். தெவோத்ரோஸ் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். அந்தத் துப்பாக்கி, முன்பு நல்ல காலத்தில் விக்டோரியா மகாராணி பரிசாகக் கொடுத்தது.

மக்தலாவைக் கொள்ளையடித்தார்கள், எரித்தார்கள். சுவடிகள், சிலுவைகள், கிரீடம் எல்லாம் போயின. ஏழு வயது இளவரசன் அலெமாயெஹுவை இங்கிலாந்துக்குக் கூட்டிப் போனார்கள். 18 வயதில் அங்கேயே இறந்தான். செபாஸ்டோபோல் பீரங்கி மட்டும் இன்றும் மக்தலாவில் கிடக்கிறது.

அதே மலை. அதே செங்குத்துப் பாறை. காப்பாற்றவில்லை.

1889: மாடு செத்தால் மலை சாகும்

அடுத்து அஸ்மாராவுக்கு வருவோம். 1868இல் வழிவிட்ட கஸ்ஸா, பிரிட்டிஷார் விட்டுச்சென்ற துப்பாக்கிகளின் உதவியோடு பிறகு நான்காம் யோஹன்னஸ் என்ற பேரரசரானார். எகிப்தியப் படைகளை 1875இலும் 1876இலும் முறியடித்தார். 1885இல் மஸ்ஸாவா துறைமுகத்தைப் பிடித்த இத்தாலியர்கள் மேட்டுக்கு ஏறப் பார்த்தபோது, 1887இல் தொகாலி என்ற இடத்தில் அவருடைய தளபதி ராஸ் அலுலா அடித்து விரட்டினார்.

ஆனால் அந்தக் காலத்திலேயே மஸ்ஸாவாவில் இன்னொரு எதிரி இறங்கியது. இத்தாலியப் படைக்காக இறக்குமதி செய்த மாடுகளோடு வந்த வெக்கை நோய். கால்நடைகளைக் கொல்லும் தொற்று. மேட்டுநிலம் முழுவதும் பரவி, மாடுகளில் பெரும்பகுதியைத் தின்றது. மாடு இல்லையென்றால் ஏர் இல்லை. கரிசல் மண் அப்படியே கிடந்தது, உழ ஆளும் மாடும் இல்லை. 1888 முதல் 1892 வரை நீடித்த பஞ்சத்தை 'கெட்ட நாட்கள்' என்றே அங்கே நினைவு வைத்திருக்கிறார்கள்.

அதே நேரம், 1889 மார்ச்சில், மேற்கு எல்லையில் சூடானின் மஹ்திப் படைகளோடு நடந்த போரில் யோஹன்னஸ் இறந்தார். வடக்கில் தலைமை இல்லை, சோறு இல்லை. ஐந்தே மாதத்தில் இத்தாலியர்கள் அஸ்மாராவில் இருந்தார்கள். 1890 ஜனவரி 1இல் 'எரித்ரியா' என்ற குடியேற்றம் அறிவிக்கப்பட்டது.

சுவர் அப்படியே 2,300 மீட்டர் உயரத்தில்தான் நின்றது. சுவரின் மேல் நிற்க ஆள் இல்லை.

1896: ஒரு மேப், ஒரு பெயர், ஒரு தப்பு

இப்போ அட்வா. யோஹன்னஸுக்குப் பின் ஷோவாவின் மெனெலிக் பேரரசரானார். 1889இல் இத்தாலியோடு வுச்சாலே என்ற இடத்தில் ஓர் ஒப்பந்தம். அதன் 17ஆம் பிரிவு அம்ஹாரிக் மொழியில் ஒன்று சொன்னது, இத்தாலிய மொழியில் வேறொன்று சொன்னது. வெளிநாட்டு உறவுகளுக்கு இத்தாலியின் உதவியை எத்தியோப்பியா பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது அம்ஹாரிக். பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இத்தாலிய மொழியில். அதை வைத்து எத்தியோப்பியா தன் பாதுகாப்பில் இருக்கும் நாடு என்று இத்தாலி உலகத்துக்கு அறிவித்தது. மெனெலிக் ஒப்பந்தத்தைத் தூக்கிப்போட்டார். துப்பாக்கி வாங்கிச் சேர்த்தார். 1895 செப்டம்பரில் நாடு முழுவதையும் போருக்கு அழைத்தார்.

வந்தார்கள். கோஜ்ஜம், வொல்லோ, ஷோவா, திக்ராய், தெற்கின் ஒரோமோ குதிரைப்படை. தனித்தனி மேசைகளாக நின்றவர்கள் ஒரே பக்கமாக நடந்தார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் என்பது பொதுவான மதிப்பீடு.

முதலில் டிசம்பரில் அம்பா அலாகே. அந்த மலையைப் பிடித்து வைத்திருந்த இத்தாலியப் பிரிவு அழிந்தது. மலைமேல் இருந்தவர்கள் தோற்றார்கள், கவனிங்க! அடுத்து மெகெல்லே கோட்டை. அதற்குத் தண்ணீர் தரும் ஊற்றுகள் மதிலுக்கு வெளியே இருந்தன. பேரரசி தைத்து, ஊற்றுகளைக் கைப்பற்றச் செய்தார். சில நாட்களில் தாகம் தாங்காமல் கோட்டை பணிந்தது. எந்தப் பாறையிலிருந்து எங்கே நீர் கசியும் என்று தெரிந்தவர்கள் செய்கிற வேலை அது.

பிப்ரவரி மாதம் இரண்டு படைகளும் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டன. இரண்டு பக்கமும் சோறு தீர்ந்துகொண்டிருந்தது. மெனெலிக்கின் படை தங்கிய இடத்தின் விளைச்சலை உண்டே வாழ்ந்தது. இன்னும் சில நாள் போனால் கலைய வேண்டியிருக்கும். இத்தாலியத் தளபதி பராத்தியேரிக்கும் அது தெரியும். ஆனால் அவர் பக்கம் இருந்த திக்ராய் தலைவர்கள் சிலர் அந்த மாதம் கட்சி மாறினார்கள். அவருக்குத் தானியம் வரும் பாதையையே தாக்கத் தொடங்கினார்கள். 1868இல் நேப்பியருக்குக் கிடைத்த திக்ராய், 1896இல் பராத்தியேரிக்குக் கிடைக்கவில்லை. ரோமிலிருந்து வேறு பிரதமர் கிறிஸ்பியின் நெருக்கடி.

பிப்ரவரி 29 இரவு பராத்தியேரி கிளம்பினார். சுமார் 17,000 பேர், நான்கு பிரிவுகள். திட்டம் சுலபம். இருட்டில் நடந்து, அட்வாவுக்கு முன்னால் உள்ள குன்றுகளைப் பிடித்து, விடியும்போது உயரத்தில் நிற்க வேண்டும்.

அட்வாவின் குன்றுகள் எப்படி இருக்கும் தெரியுமா? பழைய எரிமலைகளின் குழாய்க்குள்ளேயே உறைந்துபோன கெட்டிப் பாறை, சுற்றியிருந்த மெல்லிய பாறை கரைந்தபின் தனியாக நிற்கிறது. கூம்பு, தூண், கொம்பு என்று விதவிதமான உருவம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், இடையில் நெளியும் பள்ளங்களோடு. வெளியூர்க்காரனுக்கு எல்லாம் ஒன்று போலத் தெரியும்.

பராத்தியேரியின் கையில் இருந்தது கையால் வரைந்த ஒரு வரைபடம். அதில் ஒரு குன்றுக்கு 'கிதானே மெரெத்' என்று பெயர் எழுதியிருந்தது. இடதுபுறப் பிரிவின் தளபதி அல்பெர்தோனே அந்த இடத்துக்குப் போனார். உடன் வந்த உள்ளூர் வழிகாட்டிகளோ, உண்மையான கிதானே மெரெத் இது இல்லை, இன்னும் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்றார்கள். மக்கள் அந்தப் பெயரில் அழைத்த மலை வேறு, மேப்பில் எழுதிய மலை வேறு. அல்பெர்தோனே பெயரை நம்பி முன்னே போனார். விடிந்தபோது தன் படையை விட்டு வெகுதூரம் விலகி, மெனெலிக்கின் மொத்தப் படைக்கு முன்னால் தனியாக நின்றார்.

அவருக்கு உதவப் போன தபோர்மிதாவின் பிரிவு வேறொரு பள்ளத்தில் திரும்பிவிட்டது. நடுவில் நின்ற அரிமோந்தியால் இரண்டு பக்கமும் பார்க்கக்கூட முடியவில்லை. குன்றுகளுக்கு இடையே எத்தியோப்பிய வீரர்கள் புகுந்து, ஒவ்வொரு பிரிவையும் தனித்தனியாகச் சூழ்ந்தார்கள். 1896 மார்ச் 1 மதியத்துக்குள் அது ஒரு ஐரோப்பிய வல்லரசு ஆப்பிரிக்க மண்ணில் கண்ட மிகப்பெரிய தோல்விகளில் ஒன்றாகிவிட்டது. இத்தாலியத் தரப்பில் ஏறத்தாழ 6,000 பேர் இறந்தார்கள். அரிமோந்தியும் தபோர்மிதாவும் அதில் அடக்கம். அல்பெர்தோனே கைதியானார். எத்தியோப்பியர்களும் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். ரோமில் ஆட்சி கவிழ்ந்தது. அக்டோபரில் அடிஸ் அபாபா ஒப்பந்தத்தில் எத்தியோப்பியாவின் முழுச் சுதந்திரத்தை இத்தாலி ஒப்புக்கொண்டது.

இந்த வெற்றிக்கும் ஒரு நிழல் உண்டு. இத்தாலியப் படையில் இருந்தவர்களில் கணிசமானவர்கள் 'அஸ்காரி' எனப்பட்ட எரித்ரிய வீரர்கள். அதே மேட்டில் பிறந்தவர்கள். பிடிபட்ட நூற்றுக்கணக்கான அஸ்காரிகளுக்கு, துரோகத் தண்டனையாக வலது கையும் இடது காலும் வெட்டப்பட்டன. வெற்றிக்குப் பிறகு மெனெலிக் வடக்கே போய் அஸ்மாராவை மீட்கவும் இல்லை. படை பசியில் இருந்தது, மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நின்ற கோடுதான் பின்னாளில் இரண்டு நாடுகளின் எல்லையானது. 1998இல் அந்த எல்லைக்காக இரண்டு நாடுகளும் போரிட்டுப் பல்லாயிரம் பேரை இழந்தன.

மேலே ஏறத் தேவையில்லாத எதிரி

நாற்பது வருடம் கழித்து முசோலினியின் இத்தாலி பழிவாங்க வந்தது. இந்த முறை விமானங்களும் கடுகு வாயுவும் இருந்தன. 1936 பிப்ரவரியில் அம்பா அராதம் என்ற பெரிய தட்டை மலையில் எத்தியோப்பியப் படை பழைய முறைப்படி காத்திருந்தது. ஏறி வருவான், அடிக்கலாம் என்று. எதிரி பல நாள் பீரங்கியாலும் விமானத்தாலும் மலையையே அடித்தான். வானத்திலிருந்து பார்ப்பவனுக்கு அம்பா ஒரு மேசைதான். மேலே இருப்பதெல்லாம் தெரியும். பின்வாங்கிய வீரர்களை, மத்திய ஆட்சிமீது பழைய கசப்பு கொண்டிருந்த ராயா, அசெபோ மக்களும் வழியில் தாக்கினார்கள். அந்தப் போரின் குழப்பத்திலிருந்து இத்தாலிய மொழிக்கே ஒரு சொல் போனது. இன்றும் அங்கே அலங்கோலமான குவியலை 'அம்பராதான்' என்பார்கள். சொல்பவர்களில் பலருக்கு அது வாயுவில் மக்கள் செத்த ஒரு மலையின் பெயர் என்று தெரியாது.

மே 5 அன்று அடிஸ் அபாபா வீழ்ந்தது. ஆனால் நாடு அடங்கவில்லை. 'அர்பெஞ்ஞோச்' என்ற தேசப்பற்றாளர் குழுக்கள் ஐந்து ஆண்டுகள் பள்ளத்தாக்குகளில் இருந்து போரிட்டன. ஊர்மக்கள் சோறு போட்டார்கள், மறைத்து வைத்தார்கள். 1941 மே மாதம் இத்தாலிய ராஜப்பிரதிநிதி சரணடைந்த இடம் எது தெரியுமா? அம்பா அலாகே. 1895இல் இத்தாலியர்கள் தோற்ற அதே மலை. முற்றுகையிட்டவர்களில் ஐந்தாம் இந்திய டிவிஷனும் இருந்தது.

அப்போ மலை என்னதான் செய்தது?

ஒண்ணுமே செய்யலைன்னு நான் சொல்லல. எரிமலை கொடுத்த கரிசல் இல்லையென்றால் ஒரு லட்சம் பேர் கொண்ட படைக்குச் சோறு இல்லை. கிழிந்த நிலத்தின் சுவர் இல்லையென்றால் எதிரி வண்டி கட்டிக்கொண்டு நேராக வந்திருப்பான். அறுபட்ட குன்றுகள் இல்லையென்றால் அல்பெர்தோனே வழி தவறியிருக்க மாட்டார். மலை எதிரியின் வேலையைக் கடினமாக்கியது. ஆனால் அது உள்ளூர்க்காரனையும் பிரித்தது. பிரிந்திருந்த நாளில் வந்தவன் ஏறினான். சேர்ந்திருந்த நாளில் வந்தவன் விழுந்தான்.

திருக்குறளில் 'அரண்' என்றே ஓர் அதிகாரம் இருக்கு. நீர், நிலம், மலை, காடு என்று அரண்களைச் சொல்லிவிட்டு, கடைசிக் குறளில் வள்ளுவர் முடிக்கும் கருத்து இதுதான்: எவ்வளவு சிறந்த அரணாக இருந்தாலும், செயலில் திறமை இல்லாதவர்களுக்கு அது இல்லாததற்குச் சமம்.

"மலை காப்பாற்றியது" என்று சொல்லும்போது நாம் அறியாமலேயே ஒரு காரியம் செய்கிறோம். ஊற்றைத் தேடிப் பிடித்த தைத்துவை, கட்சி மாறிய திக்ராய் தலைவர்களை, ஷோவாவிலிருந்து மாதக்கணக்கில் நடந்து வந்து பெயர் தெரியாமல் செத்த விவசாயியை எல்லாம் கதையிலிருந்து அழித்துவிடுகிறோம். வெற்றியைப் பாறைக்குக் கொடுத்துவிடுகிறோம். அதே வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் இன்னும் மோசம். தோற்ற மற்ற நாடுகளுக்கெல்லாம் மலை இல்லை, அதனால் தோற்றார்கள், ஜெயித்தவன் மேல் தப்பில்லை என்று ஆகிவிடும்.

எத்தியோப்பியாவில் இன்றும் மார்ச் 2 அட்வா வெற்றி நாள். அவர்கள் நாட்காட்டியில் யெகாத்தித் 23. விடுமுறை. அன்று தலைநகரில் கூடுபவர்கள் பழைய போர் உடை அணிந்து, கேடயம் ஏந்தி வருவார்கள். மலைக்கு இல்லை, மனிதர்களுக்கு நடக்கும் விழா அது.

அந்த மேப்பை இன்னும் மூடலைன்னா, அஸ்மாராவிலிருந்து தெற்கே விரலை நகர்த்துங்க. அட்வா, மெகெல்லே, அம்பா அலாகே, மக்தலா. ஒரே நிறத்தில், ஒரே பாறைத் தொடராகத் தெரியும். எங்கே ஜெயிச்சாங்க, எங்கே தோத்தாங்கன்னு சாட்டிலைட் படத்துல தெரியாது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.